பம்பு நிறுத்தியாச்சு

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே குளிர் விட்டதா, நீ பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகள் எல்லாம் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று எழுது.

ஃபோனில் இரண்டு நிமிடத்தில் கேட்கிற விஷயத்துக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஃபோனில் சொன்னால் எனக்கு மறந்துபோகும் என்று இந்த வீட்டில் முடிவாகிவிட்டது. எழுத்தில் இருந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம் இல்லையா?

நத்தையைப் பற்றித்தான். முதுகில் வீட்டைச் சுமக்கிறது என்று நீ பெயர் வைத்தாயே, அதே நத்தை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை என்று சகலத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு எட்டு வருடம் எங்களை ஊர் ஊராகச் சுமந்த வண்டி, இரண்டு வருடமாகப் பின்கட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அதன் கதவை நாங்கள் திறக்கவே இல்லை.

உன் மருமகள் ஜூன் முடிவதற்குள் எங்களைத் தன் வீட்டுப் பக்கத்துக் குடியிருப்புக்கு மாற்றிவிடப் போகிறாள். வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடச் சொல்கிறாள். "அப்பாவைத் தனியா விட முடியாதும்மா" என்று என் எதிரிலேயே சொல்கிறாள், நான் ஏதோ அடுப்பில் வைத்த பால் மாதிரி. போன மாதம் என் மறதியைக் காட்ட டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவனிடம். வினாடி முள்ளோடு வரைந்து கொடுத்தேன். அவர் சிரித்தார். உன் மருமகள் சிரிக்கவில்லை.

உன் அக்கா வேறு மாதிரி. நான் கேஸை மூடிவிட்டு வந்தால், ஒரு நிமிடம் கழித்து எதற்கோ போவதுபோல் போய்த் திருகிப் பார்க்கிறாள். அந்தக் கையால்தான் திருகுகிறாள். இரண்டு விரல் மடங்காத கை.

வண்டியை விட்டு இறங்குமுன் நான் ஏழு வரி ஒப்பிப்பது உனக்குத் தெரியும். கேஸ் மூடியாச்சு, பம்பு நிறுத்தியாச்சு, விளக்கு அணைச்சாச்சு, மேல் ஜன்னல் சாத்தியாச்சு, கழிவுக் குழாய் அடைச்சாச்சு, படி மடக்கியாச்சு, கதவு பூட்டியாச்சு. ஒவ்வொரு வரிக்கும் உன் அக்கா "சரி" சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் ஒப்பந்தம். அன்றைக்கு அவள் ஃபோனில் இருந்தாள், சரி சொல்லவில்லை. நான் ஏழு வரியும் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் பம்பு என்ற வரியை விட்டிருக்கிறேன். தண்ணீர் இல்லாத பம்பு ஓடி ஓடிச் சூடேறி எரிந்திருக்கிறது. புகையைக் கண்டு திரும்பி ஓடி, கொதிக்கும் கதவைப் பிடித்து இழுத்ததில் உன் அக்காவின் கையும் தையல் தொழிலும் அதோடு போயின.

அதனால் ஒன்று கேட்கிறேன். நத்தையின் ஒயரையும் குழாயையும் நானே சரிசெய்ய வேண்டும். நீ சொல்லிக்கொடு, நான் செய்கிறேன். ஜூனுக்குள் அதில் விளக்கு எரிந்து தண்ணீர் வந்துவிட்டால், என் தலை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதாக உன் மருமகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்கே அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன் அத்தான்

---

மார்ச் 18

அத்தான்,

உங்கள் கடிதத்தைக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பம்பு என்ற வரியை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் விடவில்லை.

நான் லீவில் வந்து உங்களோடு நத்தையில் சுற்றியபோது ஒரு நாள் காலை தண்ணீர் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வடிகட்டியில் குப்பை என்றேன். அது பொய். பம்புக்கான ஃபியூஸ் போயிருந்தது. பத்து ஆம்பியர், சிவப்பு. புதிது போட்டேன், அதுவும் போனது. அதோடு சிவப்பு தீர்ந்துவிட்டது. நீங்கள் வாசலில் நின்று, "கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி ஆறு நிமிஷம் ஆச்சு மச்சான்" என்றீர்கள். என் பையில் முப்பது ஆம்பியர் பச்சை ஒன்று கிடந்தது. அதைக் குத்தினேன், தண்ணீர் வந்தது. அக்கா டீ போட்டுக் கொடுத்துக் கெட்டிக்காரன் என்றாள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் எங்கோ ஒயர் இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம். பதினேழு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அடுத்த ஊரில் சிவப்பு வாங்கி மாற்றிவிட்டு ஒயரையும் தேடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். நாலு நாளில் விமானம் ஏறிவிட்டேன். அதற்கடுத்த வாரம் நத்தை எரிந்தது.

தீயணைப்பு ஆள் பம்பைத்தான் காரணம் சொன்னாராம், நீங்கள் தலையாட்டினீர்களாம். அக்கா கைக்கட்டோடு ஃபோனில் அழுதபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தானைத் திட்டாதேக்கா, வயசாகுதில்ல." உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை முதலில் எடுத்தவன் நான். அதற்குப் பிறகுதான் உங்கள் மகள் எடுத்தாள்.

இதை அனுப்ப எனக்குத் தைரியம் வராது. மடித்துக் கருவிப் பையின் அடியில் வைக்கப் போகிறேன். எழுதியாவது பார்ப்போம் என்று எழுதினேன்.

---

மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் டிப்போவிலிருந்து தாமதமாக வந்ததற்கு மெமோ வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

நத்தையை ஏன் மறுபடி கிண்டுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அது பழைய வண்டி. கொடுத்துவிட்டுப் பக்கத்துக் குடியிருப்பில் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் பிடித்தால் பிடித்ததுதான், அக்காவே உங்களிடம் ஜெயித்ததில்லை. அதனால் சொல்லித்தருகிறேன்.

வண்டிக்குள் இரண்டு மின்சாரம் இருக்கிறது. ஒன்று, இந்த மாதிரி வண்டிகள் தங்கும் முகாமில் நிறுத்தும்போது வெளியிலிருந்து கம்பி போட்டு வாங்குவது. அது வீட்டு மின்சாரம் மாதிரியே ஆளைக் கொல்லும். அந்தப் பக்கம் நீங்கள் போக வேண்டாம், அதற்கென்று உள்ளவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று பேட்டரியிலிருந்து வரும் பன்னிரண்டு வோல்ட். விளக்கு, விசிறி, பம்பு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பன்னிரண்டு வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் தீ வைக்கும். அதனால் எதைத் தொடும் முன்பும் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒயர்தான் குழாய், சுவிட்ச்தான் குழாயைத் திறந்து மூடும் திருகு. திருகை மூடினாலும் தொட்டியிலிருந்து திருகு வரைக்கும் குழாயில் தண்ணீர் நின்றுகொண்டுதானே இருக்கும்? மின்சாரமும் அப்படித்தான். சுவிட்சை அணைத்தாலும் சுவிட்ச் வரைக்கும் உள்ள ஒயரில் உயிர் இருக்கும்.

தண்ணீர்ப் பக்கம் எளிது. நல்ல தண்ணீர்த் தொட்டி, வடிகட்டி, பம்பு, அங்கிருந்து சமையல் தொட்டிக்கும் குளியலுக்கும் குழாய், கடைசியில் கழிவுத் தொட்டி. நீங்கள் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். தொட்டியை பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து மூன்று முறை அலசுங்கள். உருகிய குழாய்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். இணைப்புகளைக் கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று போதும். உங்கள் பலத்தையெல்லாம் காட்டினால் மரை போய்விடும்.

ஃபியூஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அடுத்த லீவில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவின் கை எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பந்தை அமுக்குகிறாளா?

அன்புடன்,
மச்சான்

---

ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டு நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன். எனக்கு வாத்தியார் வேலை பார்த்தவர்களில் என்னைத் திட்டாமல் சொல்லிக்கொடுத்தவன் நீ ஒருவன்தான்.

உன் அக்கா முதலில் பின்கட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டி வாசலில் போட்டு உட்கார்ந்தாள். "டார்ச்சை நான் பிடிக்கறேன், நீங்க வாயில கடிச்சுக்கிட்டு வேலை பாக்கறதப் பாக்கச் சகிக்கலை" என்றாள். இடது கையில்தான் பிடித்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அது வெளியில் தெரிந்தால் நான் முகம் சுளிப்பேன் என்று அவளுக்கு எண்ணம். நான் சுளிப்பது என்னைப் பார்த்து, அவளுக்கு அது புரியவில்லை.

தொட்டியை அலசிவிட்டேன். முதல் அலசலில் வந்த தண்ணீரை நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் தண்ணீர் குடித்திருக்க மாட்டாய். குழாய்கள் மாற்றியாகிவிட்டது. மூன்று இடத்தில் ஒழுகியது. இரண்டு இடம் இன்னொரு கால் சுற்றில் நின்றது, மூன்றாவதில் குற்றம் என் அவசரம். குளியல் தொட்டியின் அடியில் வளைவுக் குழாய் காய்ந்துபோய்க் கழிவுத் தொட்டியின் நாற்றம் மேலே வந்தது. அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதும் நின்றுவிட்டது. உன் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒரு செம்பு தண்ணிக்கு இவ்வளவு பேச்சா" என்றாள், ஆனால் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

இனி ஒரு சந்தேகம். எரிந்த பம்பைத் தூக்கிப்போடுமுன் சும்மா கழற்றித் துடைத்து, பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. வாளித் தண்ணீரில் குழாயை விட்டதும் உறிஞ்சி என் சட்டை முழுக்கப் பீய்ச்சியது. முதுகுப் பக்கத்து பிளாஸ்டிக் மட்டும் உருகியிருக்கிறது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. சூடேறி எரிந்த பம்பு எப்படி ஓடும்?

இன்னொன்று. ஃபியூஸ் பெட்டியிலிருந்து சுவிட்சுக்கு வருகிற ஒயர் முழுக்கக் கருகி உதிர்கிறது. சுவிட்சிலிருந்து பம்புக்குப் போகிற ஒயரில் புகைதான் படிந்திருக்கிறது, துடைத்தால் சிவப்பாகிறது. ஒரே ஒயர், பாதி செத்துப் பாதி உயிரோடு இருக்கிறது. எனக்குப் புரியவில்லை, உனக்குப் புரியும்.

பந்தை அமுக்குகிறாள். டார்ச் பிடிக்காத நேரத்தில்.

உன் அத்தான்

---

ஏப்ரல் 28

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வேலை அதிகம். ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்று ஒரே தலைவலி, அதனால்தான் தாமதம்.

பம்பு ஓடினாலும் அதை நம்ப முடியாது. சில பம்பு எரிந்த பிறகும் கொஞ்ச நாள் ஓடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஒயர் விஷயமும் அப்படித்தான், தீ எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் ஓடும். அதற்கெல்லாம் காரணம் தேடினால் தலை வெடித்துவிடும். பழைய ஒயர் மொத்தத்தையும் உருவி எறியுங்கள்.

ஃபியூஸ் பெட்டியை நான் வரும்வரை திறக்க வேண்டாம் என்றேன், ஆனால் உங்களுக்கு ஜூன் வரைதானே நேரம். அதனால் புது ஃபியூஸ் டப்பா ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்ளே எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று சீட்டு ஒட்டியிருக்கும், அதன்படி போடுங்கள். பழைய ஃபியூஸ் எல்லாவற்றையும் பார்க்காமல் பிடுங்கித் தூக்கிப் போட்டுவிடுங்கள். பழசு எதற்கு?

அக்காவிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

மச்சான்

---

மே 15

அன்புள்ள மச்சானுக்கு,

பார்சல் வந்தது. அக்கறையாக அனுப்பியிருக்கிறாய், நன்றி.

நீ பார்க்காமல் தூக்கிப் போடச் சொன்னாய். டைம் கீப்பர் எதையும் எழுதிக்கொள்ளாமல் அனுப்ப மாட்டான், அது உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி நோட்டில் இடத்தையும் நிறத்தையும் எழுதினேன். எல்லாம் சீட்டில் உள்ளபடியே இருந்தன. ஒன்றைத் தவிர. பம்பு என்று போட்ட இடத்தில் சிவப்பு இருக்க வேண்டும். பச்சை இருந்தது. புது டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன், பச்சை முப்பது ஆம்பியர். சிவப்பின் மூன்று மடங்கு.

நான் படித்ததை வைத்து யோசித்தேன். ஒயர் தாங்காத அளவுக்கு மின்சாரம் வந்தால் ஃபியூஸ் முதலில் போக வேண்டும். பச்சை போகாது, ஒயர்தான் போகும். அப்படியென்றால் தீக்குக் காரணம் அந்தப் பச்சை ஃபியூஸ். அதைப் போட்டது யார்?

நீ லீவில் இருந்தபோது அது இருந்திருந்தால் உன் கண்ணில் பட்டிருக்கும். ஆகவே நீ போன பிறகு நான்தான் போட்டிருக்கிறேன். எங்கே வாங்கினேன், எப்போது குத்தினேன், ஒன்றும் ஞாபகம் இல்லை, மச்சான். துளிகூட இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். பம்பை நிறுத்தாமல் விட்டதாவது ஒரு நொடி மறதி. இது முழுசாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, செய்ததையே மறப்பது. டாக்டரிடம் கடிகாரம் வரைந்து கொடுத்துவிட்டுப் பெருமையாக வந்தேனே, அந்த ஆள் சிரித்தது சரிதான்.

உன் அக்காவிடம் சொன்னேன். அவள் டார்ச்சை அணைத்தாள். நாற்காலியை மடக்கினாள். "விடுங்க, போதும்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மருமகள் வந்தாள். அவள் கேட்பதற்குமுன் நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அடுப்பு, மின்சாரம், வண்டி எதையும் தனியாகத் தொட மாட்டேன். நத்தையை விற்கச் சம்மதம். தாளை உன் அக்கா தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறாள். சாவியும் அங்கேதான் இருக்கிறது. இரும்புக்காரர் ஜூன் இருபதாம் தேதி வருகிறார்.

நீ பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தாய். உன் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துக்கொள்.

உன் அத்தான்

---

மே 27

அத்தான்,

பச்சை ஃபியூஸைப் போட்டது நான்.

இத்துடன் மார்ச் 18 தேதி போட்ட ஒரு கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

படித்திருப்பீர்கள். அதைப் பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குத் தொட்டி, குழாய், திருகு என்று பாடம் எடுத்தேன். ஒயரைப் பற்றி நீங்கள் கேட்டதற்குக் காற்று என்று எழுதினேன். நீங்கள் கண்டது அத்தனையும் சரி. அந்த ஒயர் சுவிட்சுக்கு முன்பாக, தகரத் தடுப்பின் ஓட்டையில் நுழையும் இடத்தில் உரசி இரும்பைத் தொட்டிருக்கும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் அது எரியும். பம்பு ஓடவே இல்லை.

அந்தக் கடிதத்திலும் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது என்னோடுதான். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஃபோனில் எனக்கு என்ன கேட்டது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்காவின் பேச்சுக்குப் பின்னால் நீங்கள் ஒப்பிப்பது கேட்டது. கேஸ் மூடியாச்சு. பம்பு நிறுத்தியாச்சு. டிப்போவில் பஸ் நம்பர் கூப்பிடுகிற அதே குரல். ஏழு வரியும் கேட்டேன். எதையும் விடவில்லை.

பம்பு என்ற சொல்லைக் கேட்டதும் பச்சை ஃபியூஸ் ஞாபகம் வந்தது. "அக்கா, அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "ஏரியைப் பாக்கப் போறோம்டா, அப்புறம் கூப்பிடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். நான் மறுபடி கூப்பிட்டிருக்கலாம். என் சாப்பாட்டு நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஃபோன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

மறந்தது நான், பழி உங்களுக்கு. நீங்கள் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டதால் எனக்கு வசதியாகப் போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. நீங்கள் டாக்டரிடம் போன செய்தி வந்தபோதுகூட, ஒருவேளை நிஜமாகவே மறதி இருக்கட்டும் என்று நினைத்தேன். இதற்குமேல் கேவலமாக ஒரு மனிதன் நினைக்க முடியாது. அதையும் நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டு கடிதத்தையும் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். உங்கள் மகளிடம் கொடுங்கள். தாளைக் கிழித்துப் போடுங்கள். இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜூலையில் எனக்கு லீவு. நான் வரலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

என்னை மன்னித்துவிடு அக்கா. அத்தானிடம் அதைக் கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

மச்சான்

---

ஜூன் 25

அத்தான்,

கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். இருபதாம் தேதியும் போய்விட்டது. நத்தை இருக்கிறதா இல்லையா என்று மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மச்சான்

---

ஜூலை 6

மச்சானுக்கு,

நத்தை இருக்கிறது.

உன் உறை ஜூன் எட்டாம் தேதி காலை பத்து இருபதுக்கு வந்தது. நின்றுகொண்டு ஒரு முறை, உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பிறகு உன் அக்காவிடம் கொண்டுபோனேன். கடிதத்தை நீட்டினேன். "கண்ணாடி எங்கேயோ இருக்கு, நீங்களே படிங்க" என்றாள். தேதி வரிசையில் இரண்டையும் படித்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. முடிந்ததும், "அந்த 'வயசாகுதில்ல'ங்கற இடத்த மறுபடி படிங்க" என்றாள். படித்தேன்.

எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளையும் சாவியையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். வலது கையை மேசைமேல் வைத்தாள், மறைக்கவில்லை. "அன்னிக்கு நீங்க சொன்னது என் காதுலயும் விழுந்துச்சோ என்னவோ. நான் ஃபோன்ல இருந்தேன், சரி சொல்லலை. நான் சரி சொல்லலைங்கறதால நீங்களும் சொல்லலைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்" என்றாள். அப்புறம் அழுதாள். கை வெந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

உன் மருமகளுக்கு நானே ஃபோன் செய்தேன். அரை மணி நேரத்தில் வந்து நின்றாள். கடிதத்தைப் படித்தாள். தாளைக் கிழித்தது அவள்தான். போகும்போது, "அப்பா, என் வீட்டு ஃபியூஸ் பெட்டியையும் ஒரு தடவ வந்து பாருங்க" என்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அது. சரி என்றேன்.

இனி உன் விஷயம். எழுதக் கூடாது என்று நான்கு வாரம் இருந்தேன். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

பச்சை ஃபியூஸுக்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நான் ஆறு நிமிடம் என்று உன் தலைமேல் நின்று அவசரப்படுத்தினேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. மறந்துபோனாய், யாருக்கும் நடக்கிறதுதான். உன் அக்காவின் கை ஒரு விபத்து. ஆனால், "பழைய ஃபியூஸைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்" என்று எழுதினாயே, அது விபத்து இல்லை, மச்சான். அதை நீ உட்கார்ந்து யோசித்து, எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினாய். பார்சலுக்கு நான் நன்றி வேறு சொன்னேன். இரண்டு வருடம் நான் குளியலறைக் குழாயை மூடிவிட்டு வந்து மறுபடி போய் மூடியிருக்கிறேன். படுத்த பிறகு எழுந்துபோய் அடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உன் அக்கா பார்ப்பாளே என்று வெறுங்காலோடு, சத்தம் வராமல். அதையெல்லாம் நீ திருப்பித் தர முடியாது. முடியும் என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். இரும்புக்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொன்னாய். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் நோட்டில் தாமதமாக வந்த வண்டிக்கும் வந்த நேரம் போடுவேன்.

நீ சொன்ன இடத்தில் தேடினேன். தகரத் தடுப்பின் ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் கழன்று கீழே கிடந்தது, பாதி உருகி. புது வளையம் போட்டு, புது ஒயர் இழுத்து, சிவப்பு ஃபியூஸ் குத்தினேன். வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு அதற்கென்று உள்ள ஆளைக் கூப்பிட்டேன். அவர் என் வேலையைப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது இது?" என்று கேட்டார். உன் அக்கா முந்திக்கொண்டு, "இவர்தான்" என்றாள். பம்பு பழையதேதான். நன்றாக ஓடுகிறது.

ஜூலை மூன்றாம் தேதி நத்தையை வெளியே எடுத்தோம். எங்கே போகலாம் என்று கேட்டேன். "அந்த ஏரிதான், அன்னிக்குப் பாக்காம விட்டது" என்றாள். அதே இடத்தில் நிறுத்தினேன். கைப் பிரேக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இறங்குமுன் அவள் ஃபோனை எடுத்து முன் சீட்டில் போட்டுவிட்டு வந்து கதவருகே நின்றாள். நான் ஆரம்பித்தேன். கேஸ் மூடியாச்சு. சரி. பம்பு நிறுத்தியாச்சு. அதற்கு அவள் சுவிட்சைப் போய்ப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "சரி" என்றாள். ஏழு வரிக்கும் சொன்னாள். ஏரியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

லீவில் வரலாமா என்று கேட்டிருந்தாய். வா என்று எழுதப் பேனா ஓடவில்லை. வராதே என்றும் ஓடவில்லை. அதனால் நத்தைக்குள் உட்கார்ந்து, உன் கடிதத்தின் கடைசி வரியை உன் அக்காவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். மன்னித்துவிடு அக்கா என்கிற வரி. படித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், மூடினாள், துடைத்துக்கொண்டாள்.

சரி சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன், நேரம் போட்டு.

அத்தான்